பாலிஸ்டைரீனைச் சங்கிலி அறாமல் ஆக்சிஜனேற்ற முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஸ்டைரீனும் 4-மெத்தில்ஸ்டைரீனும் கலந்த சகபலபடி (இரு வகை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறு) ஒன்றை வைத்திருக்கும் ஆய்வு மாணவர் ஒருவர், அதிலுள்ள மெத்தில் தொகுதிகளை மட்டும் ஆல்டிஹைடாகவோ கார்பாக்சிலிக் அமிலமாகவோ மாற்ற விரும்புகிறார். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் நெடுநேரம் சூடாக்கிப் பார்த்தபோது பழுப்பு நிறப் பிசுக்கு ஒன்றுதான் மிஞ்சியது. அமிலத் தொகுதி கொஞ்சம் வந்திருந்தாலும் மூலக்கூறு நிறை வெகுவாகச் சரிந்துவிட்டது. குறிப்பிட்ட இடத்தை மட்டும் ஆக்சிஜனேற்றுவது நடக்கிற காரியமா, அப்படியானால் எந்த ஆக்சிஜனேற்றியைக் கொண்டு என்று கேட்கிறார்.

நடக்கிற காரியம்தான். ஆனால் ஆக்சிஜனேற்றிகளின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், இந்தச் சங்கிலியில் எந்த ஹைட்ரஜன் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஏனெனில் பாலிஸ்டைரீனில் இயற்கையாகவே மிகப் பலவீனமான பிணைப்பு, நாம் தொடக்கூடாத இடத்தில்தான் இருக்கிறது.

பென்சீன் வளையத்தின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் மிக வலுவானவை. பென்சீனில் அப்பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 472 கிலோஜூல் வேண்டும். சங்கிலியிலுள்ள மெத்திலீன் தொகுதியின் பிணைப்புகள் சாதாரண ஆல்கேனில் இருப்பவை போன்றவை. அவற்றுக்கு ஏறத்தாழ 410 வேண்டும். வளையத்தைத் தாங்கி நிற்கும் சங்கிலிக் கார்பனில் ஒரே ஒரு ஹைட்ரஜன் உண்டு. அது மூவிணைய பென்சைல் நிலை, அதாவது வளையத்தை ஒட்டியும் மூன்று கார்பன்களோடு பிணைந்தும் இருக்கும் இடம். அதே சூழல் கொண்ட கியூமீனில் அப்பிணைப்பின் வலு 353 கிலோஜூல் அளவில்தான் இருக்கிறது. 4-மெத்தில்ஸ்டைரீன் அலகின் மெத்தில் தொகுதி டொலுவீனை ஒத்தது, ஏறத்தாழ 375. ஆகவே ஹைட்ரஜனைப் பறிக்கும் எந்தத் தனி உறுப்பையும் (இணையில்லா எலக்ட்ரான் கொண்ட, வினைத்திறன் மிக்க துகள்) கட்டுப்பாடின்றி உள்ளே விட்டால், அது இருபது கிலோஜூலுக்கு மேல் மலிவாகக் கிடைக்கும் சங்கிலி ஹைட்ரஜனைத் தேடிப் போவதற்கே காரணம் அதிகம்.

அந்த ஒரு ஹைட்ரஜன் போனால் என்ன ஆகும்? அங்கே உருவாகும் தனி உறுப்பு ஆக்சிஜனைச் சந்தித்த மாத்திரத்தில் பெராக்சி தனி உறுப்பாகிறது. அது பக்கத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு ஹைட்ரோபெராக்சைடாகிறது. வெப்பமோ ஒளியோ உலோக அயனியோ அந்த ஹைட்ரோபெராக்சைடின் ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பைப் பிளக்கும்போது ஆல்காக்சி தனி உறுப்பு பிறக்கிறது. இந்த ஆல்காக்சி நிலைதான் ஆபத்தானது. தன்னருகில் இருக்கும் கார்பன்-கார்பன் பிணைப்பை அது பீட்டா பிளவாக உடைத்துக்கொண்டு, அசெட்டோபீனோனை ஒத்த கீட்டோன் முனையாக அடங்கிவிடுகிறது. உடைந்த பிணைப்போ சங்கிலியின் பிணைப்பு. நீண்ட காலம் வெயிலில் கிடந்த பாலிஸ்டைரீன் மஞ்சளாகி நொறுங்குவதன் பின்னால் உள்ள வேதியியலும் பெரும்பாலும் இதுவே.

இந்தச் சேதம் எவ்வளவு சிறிய அளவில் தொடங்கினாலும் பெரிதாகும் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 1,000 அலகுகள் கொண்ட பாலிஸ்டைரீன் சங்கிலியின் நிறை ஏறத்தாழ 1,04,000. இருநூறு அலகுக்கு ஒன்று வீதம் மட்டும் பிளவு ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது வினையின் தேர்திறன், வேண்டிய இடத்தை மட்டும் தொடும் திறன், 99.5 சதவீதம். ஐந்து வெட்டு, ஆறு துண்டு, துண்டுக்குச் சராசரியாக 17,000 சொச்சம். பாலிஸ்டைரீன் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு பொருளுக்கு வலுவூட்டத் தேவையான சிக்கல் நிறை சுமார் 18,000 என்பதை நினைவில் கொண்டால், அந்த அரை சதவீதத் தவறு ஒரு பயனுள்ள பிளாஸ்டிக்கை விரலால் நசுக்கினால் பொடியாகும் பொருளாக்கிவிட்டது என்று தெரியும். சிறிய மூலக்கூறுகளில் அரை சதவீத மாசு ஒரு பொருட்டே இல்லை, ஒரு முறை படிகமாக்கினால் போய்விடும். பலபடியில் தவறும் சரியும் ஒரே மூலக்கூறுக்குள் ஒட்டிக்கிடப்பதால் பிரித்தெடுக்கவே முடியாது. உட்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் அந்த அரை சதவீதம் அடிக்கோட்டின் இரைச்சலுக்குள் மறைந்தும்விடும்.

இனி மையமான விஷயத்துக்கு வருவோம். 4-மெத்தில்ஸ்டைரீன் அலகின் சிறிய மாதிரியாகப் பாரா-சைமீனை எடுத்துக்கொள்ளலாம்: ஒரு பென்சீன் வளையம், ஒருபுறம் மெத்தில், எதிர்ப்புறம் ஐசோபுரோப்பைல். ஐசோபுரோப்பைல் நம் சங்கிலிக்குப் பதிலாள். பாரா-சைமீனைக் காற்றோடு தன்னிச்சையாக ஆக்சிஜனேற விட்டால் பெராக்சி தனி உறுப்புகள் ஐசோபுரோப்பைல் ஹைட்ரஜனையே முதன்மையாகப் பறிக்கின்றன. மூவிணைய ஹைட்ரோபெராக்சைடு கிடைக்கிறது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தோடு கொதிக்கவைத்தாலும் ஐசோபுரோப்பைல்தான் அடிபடுகிறது. மெத்தில் தப்பித்துப் பாரா-டொலுயிக் அமிலம் உருவாகிறது. இதைப் பலபடிக்கு மொழிபெயர்த்தால் சங்கிலி போயிற்று, மெத்தில் மட்டும் பத்திரம் என்று பொருள்; நாம் வேண்டுவதற்கு நேர் எதிர்.

அதே பாரா-சைமீனைக் கோபால்ட்(III) அசிட்டேட்டோடு அசெட்டிக் அமிலத்தில் வைத்தால் கதை தலைகீழாகிறது. மெத்தில் தொகுதியே முதன்மையாகத் தாக்கப்படுகிறது. காரணம், இங்கே ஹைட்ரஜன் அணு நேரடியாகப் பறிக்கப்படுவதில்லை. கோபால்ட்(III) வளையத்தின் பை எலக்ட்ரான் மேகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுக்கிறது. வளையம் நேர்மின் தனி உறுப்பு அயனியாகிறது. அந்த அயனி பென்சைல் நிலையிலிருந்து ஒரு புரோட்டானை இழக்கிறது. எந்தப் புரோட்டான் என்பதை இங்கே பிணைப்பின் வலுவைவிட அதன் திசையே முடிவு செய்கிறது. கழலவேண்டிய கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு வளையத் தளத்துக்குச் செங்குத்தாக, பை மேகத்துக்கு இணையாக நிற்க வேண்டும். மெத்தில் தடையின்றிச் சுழலக்கூடியது. அதன் மூன்று ஹைட்ரஜன்களில் ஏதோ ஒன்று எப்போதும் ஏறத்தாழச் சரியான கோணத்தில் இருக்கும். ஐசோபுரோப்பைல் அப்படியல்ல. அதன் இரு மெத்தில்களும் வளையத்தின் மேலும் கீழுமாக நின்றுகொண்டு, ஒற்றை ஹைட்ரஜனை வளையத் தளத்துக்குள் தள்ளிவிடுகின்றன. பலவீனமான பிணைப்புதான், ஆனால் கைக்கெட்டாத இடத்தில் இருக்கிறது.

பலபடியில் இந்த நெருக்கடி இன்னும் கூடுதல். ஐசோபுரோப்பைலின் இரு சிறிய மெத்தில்கள் நின்ற இடத்தில் இப்போது சங்கிலியின் இரு கைகள், அவற்றுக்கு அடுத்தடுத்துப் பருத்த பென்சீன் வளையங்கள். கியூமீனைக் காட்டிலும் பாலிஸ்டைரீன் ஆக்சிஜனேற்றத்தை நன்றாகவே தாங்குவதற்கு இந்த நெரிசலே பெரிய காரணம். ஐசோபியூட்டிலீனும் பாரா-மெத்தில்ஸ்டைரீனும் (4-மெத்தில்ஸ்டைரீனின் மறுபெயர்) சேர்ந்த ரப்பர் ஒன்று எக்ஸ்ப்ரோ என்ற பெயரில் வணிகத்தில் உண்டு. அதைப் புரோமின் தனி உறுப்பால் புரோமினேற்றும்போது புரோமின் பாரா-மெத்தில் தொகுதியிலேயே போய் அமர்கிறது. பிணைப்பு வலுவை மட்டும் நம்பிக் கணித்திருந்தால் சங்கிலிக்கு ஆபத்து என்றே சொல்லியிருப்போம். ஆகவே 353, 375 என்ற எண்கள் எச்சரிக்கை மட்டுமே. முடிவைத் தீர்மானிப்பது, ஆக்சிஜனேற்றி எந்த வழியில் வேலை செய்கிறது, சங்கிலி அதற்கு எவ்வளவு இடம் விடுகிறது என்ற இரண்டும்தான்.

எனவே மாணவருக்கு என் முதல் பரிந்துரை, ஒற்றை எலக்ட்ரானை எடுக்கும் வழியில் செல்லும் ஆக்சிஜனேற்றிகள். சிறிய அளவில் செய்து பார்க்கச் சீரிக் அம்மோனியம் நைட்ரேட் வசதியானது. வினை நடக்க நடக்க ஆரஞ்சு நிறம் வெளிறிப் போவதால் கண்ணாலேயே பின்தொடரலாம். ஆனால் அதன் விலையை அணுக்கணக்கிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட முடியும். ஒரு மெத்திலை ஆல்டிஹைடாக்க நான்கு எலக்ட்ரான்கள் வெளியேற வேண்டும். ஒரு சீரியம் அயனி ஓர் எலக்ட்ரானைத்தான் ஏற்கும். 118 கிராம் எடையுள்ள ஒரு மோல் மெத்தில்ஸ்டைரீன் அலகுக்கு 548 வீதம் நான்கு மோல் சீரியம் உப்பு, அதாவது ஒரு கிராம் பாலிமெத்தில்ஸ்டைரீனை முழுமையாக மாற்றக் கிட்டத்தட்ட 18.5 கிராம் உப்பு! போதாததற்கு, அசெட்டிக் அமிலம் கரைப்பானாக இருக்கையில் பென்சைல் நேர்மின் அயனியை அசிட்டேட்டும் நைட்ரேட்டும் பிடித்துக்கொள்வதால் எஸ்டர்கள் கலந்தே வரும். தூய ஆல்டிஹைடை எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றம். ஏதோ ஓர் ஆக்சிஜன் தொகுதி வந்தால் போதும், பிறகு நீராற்பகுத்துக்கொள்ளலாம் என்பவருக்கு இது நல்ல வழி.

கார்பாக்சிலிக் அமிலம்தான் இலக்கு என்றால் கோபால்ட் அசிட்டேட்டும் மூலக்கூறு ஆக்சிஜனும் பொருத்தம். பாரா-சைலீனிலிருந்து டெரிப்தாலிக் அமிலம் செய்யும் பெருந்தொழிலில் கோபால்ட், மாங்கனீசு, புரோமைடு மூன்றும் சேர்ந்த வினையூக்கி 1950-களிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. இங்கே கடன் வாங்குவது அந்த அறிவைத்தான். ஆனால் அப்படியே எடுத்து வைத்துவிடக் கூடாது. புரோமைடைச் சேர்த்தால் வினை விரைவாகும் என்பது உண்மை. அதே வேளையில் புரோமின் தனி உறுப்பு நேரடியாக ஹைட்ரஜனைப் பறிக்கத் தொடங்குவதால், எலக்ட்ரான் வழியில் கிடைத்த திசைத் தேர்வு ஓரளவு நீர்த்துப்போகிறது. எக்ஸ்ப்ரோவில் காப்பாற்றிய நெரிசல் இங்கேயும் காப்பாற்றும்தான், ஆனால் வெப்பநிலையை உயர்த்த உயர்த்த அந்தப் பாதுகாப்பு இளகும். நான் புரோமைடைக் குறைத்து, கோபால்ட்டைத் தாராளமாக வைத்து, வெப்பநிலையை அடக்கி, நேரத்தை நீட்டுவதையே விரும்புவேன். ஆல்டிஹைடில் நிறுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் இந்த வழியில் வேண்டாம். ஆக்சிஜன் சூழலில் ஆல்டிஹைடு மெத்திலைவிட எளிதாக ஆக்சிஜனேறும். நிறுத்த நினைக்கும்போது அது அமிலமாகியிருக்கும்.

இந்த வினையில் கையைச் சுடுவது கரைப்பான். பாலிஸ்டைரீனோ பாலிமெத்தில்ஸ்டைரீனோ அசெட்டிக் அமிலத்தில் கரையாது. குளோரோபென்சீன் போன்ற ஒன்றைக் கலந்தாக வேண்டும். வினை முன்னேறி அமிலத் தொகுதிகள் பெருகும்போது பலபடியின் குணம் மாறிவிடுகிறது. தொடக்கத்தில் அதைக் கரைத்து வைத்திருந்த கரைப்பானே பிறகு அதை வெளியே தள்ளுகிறது. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது சில மணி நேரத்தில் கலக்கியைச் சுற்றி மெழுகு போன்ற ஒரு கட்டி திரண்டுவிட்டது. அதை வெட்டி மேற்பரப்பையும் உட்பகுதியையும் தனித்தனியே அகச்சிவப்பு நிறமாலையில் பார்த்தேன். மேலே 1,690 செ.மீ⁻¹ அருகே அரோமேட்டிக் அமிலத்தின் கார்போனைல் பட்டை தடித்து நின்றது, உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை. சராசரியாக முப்பது சதவீத மாற்றம் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். அன்றிலிருந்து சிறிய மாற்ற அளவுகளை மட்டும் குறிவைப்பதும், இடையிடையே கரைப்பான் விகிதத்தை மாற்றுவதும் வழக்கமாகிவிட்டது.

மாணவரின் பெர்மாங்கனேட் தோல்விக்கும் இதில் பங்கு உண்டு. நீரில் கரைந்த பெர்மாங்கனேட்டும் நீரை வெறுக்கும் பலபடியும் சந்திப்பது மேற்பரப்பில் மட்டுமே. அங்கே அது மெத்தில், சங்கிலி என்ற பாகுபாடு பெரிதாகப் பார்க்காமல் பென்சைல் ஹைட்ரஜன் கிடைத்த இடமெல்லாம் தாக்கிக்கொண்டே இருந்திருக்கும். மிஞ்சிய பழுப்பு நிறம் பெரும்பாலும் மாங்கனீசு டை ஆக்சைடு. சோடியம் பைசல்பைட் கரைசலை அமிலச் சூழலில் ஊற்றினால் கரைந்துவிடும். நிறம் போகும், அறுந்த சங்கிலி திரும்பாது.

ஆல்டிஹைடே வேண்டும் என்றால் நேர்வழியை விட்டுவிட்டு இரண்டு படியில் செல்வதே புத்திசாலித்தனம். முதலில் ஒரு பிடிமானத்தை உருவாக்க வேண்டும், பிறகு அந்தப் பிடிமானத்தை மட்டும் அறியும் மென்மையான ஆக்சிஜனேற்றியை அனுப்ப வேண்டும். இதற்கு மிகப் பழகிய எடுத்துக்காட்டு மெரிஃபீல்டு பிசின். புரூஸ் மெரிஃபீல்டு 1963-இல் திண்மநிலைப் பெப்டைடு தொகுப்பை அறிவித்தபோது பயன்படுத்திய அடித்தளம், டைவினைல்பென்சீனால் இலேசாகக் குறுக்கிணைக்கப்பட்டு, வளையங்களில் குளோரோமெத்தில் தொகுதி ஏற்றப்பட்ட பாலிஸ்டைரீன் மணிகள். 1984-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குளோரோமெத்திலை ஆல்டிஹைடாக்க டைமெத்தில் சல்பாக்சைடும் சோடியம் பைகார்பனேட்டும் போதும். கோர்ன்புளூம் 1950-களின் இறுதியில் சிறு மூலக்கூறுகளுக்குக் காட்டிய முறை இது. சல்பாக்சைடின் ஆக்சிஜன் குளோரினை வெளியேற்றிக்கொண்டு பென்சைல் கார்பனோடு சேர்கிறது. பிறகு காரம் ஒரு புரோட்டானை எடுக்க, டைமெத்தில் சல்பைடு கழன்று ஆல்டிஹைடு நிற்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை எங்கும் தனி உறுப்பு கிடையாது. வெளியேறும் தொகுதி இல்லாத சங்கிலிக் கார்பனுக்கு இந்த வேதியியலில் வேலையே இல்லை என்பதால் தேர்திறனைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டியதில்லை.

செய்து பார்த்தால் இதைவிடத் தெளிவாக உணர்த்தும் வினை குறைவு. வெண்மணிகள் சூடான சல்பாக்சைடில் மெல்ல மஞ்சள் கலந்த வெளிர்நிறத்துக்கு மாறும். புகைக்கூண்டை மீறி வெந்த முட்டைக்கோஸின் நெடி வந்தால் டைமெத்தில் சல்பைடு கழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். சில மணிகளை எடுத்துக் கழுவி அகச்சிவப்பில் பார்த்தால் 1,265 செ.மீ⁻¹-இல் இருந்த குளோரோமெத்தில் பட்டை தேய்ந்திருக்கும். 1,700 அருகே புதிய பட்டை எழும்பியிருக்கும். 2,720 அருகே ஆல்டிஹைடுக்கே உரிய சிறு திமில் ஒன்று தெரியும். டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன் கரைசலில் போட்டால் மணிகள் ஆரஞ்சுச் சிவப்பாகும். இரண்டு எச்சரிக்கைகள்: 150 °செ அளவில் சூடாக்க வேண்டியிருப்பதால் காரத்தைக் குறைக்கவே கூடாது, அமிலச் சூழலில் டைமெத்தில் சல்பாக்சைடு வெப்பத்தை உமிழ்ந்து சிதையக்கூடியது, அடுத்தது, மணிகள் உப்பாத கரைப்பானில் எந்த வினைக்காரணியும் உள்ளே போகாது. மணிகளை நீரிலோ மெத்தனாலிலோ வைத்துவிட்டு ஆக்சிஜனேற்றம் தோலோடு நின்றுவிட்டது என்று வருந்துவதில் பயனில்லை.

மாணவரிடம் இருப்பது குளோரோமெத்தில் பலபடி அல்ல, மெத்தில் பலபடி. அதற்கும் வழி உண்டு. நீர்க் கரைசலிலுள்ள அயனியைப் பலபடி இருக்கும் கரிமக் கரைப்பானுக்குள் கொண்டுசேர்க்கும் நிலைமை மாற்று வினையூக்கி ஒன்றின் துணையோடு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைக் கொண்டு மெத்திலைக் குளோரோமெத்திலாக்கலாம். குறைந்த மாற்ற அளவில் நிறுத்தினால் ஒரே மெத்திலில் இரண்டு குளோரின் ஏறுவதையும் சங்கிலி தாக்கப்படுவதையும் மட்டுப்படுத்தலாம். வெறும் பாலிஸ்டைரீனில் குளோரோமெத்திலை ஏற்றும் பழைய வழியில் குளோரோமெத்தில் மெத்தில் ஈதர் என்ற புற்றுநோய்க் காரணியைக் கையாள வேண்டியிருப்பதால், மெத்தில்ஸ்டைரீனிலிருந்து தொடங்குவது உடல்நலத்துக்கும் நல்லது. வெறும் பாலிஸ்டைரீன் மட்டுமே கையில் இருந்தால் வளையத்தில் அசெட்டைல் தொகுதியை ஏற்றி அதை ஹைப்போஹேலைட்டால் அமிலமாக்குவது, அல்லது இரிடியம் வினையூக்கியால் வளையத்தில் போரானை ஏற்றிக் காரச் சூழலில் ஹைட்ரஜன் பெராக்சைடால் அதைப் பீனாலாக்குவது என்று வேறு பாதைகளும் உண்டு. இவை எல்லாவற்றிலும் தந்திரம் ஒன்றே என்பதால் விரிக்கவில்லை.

ஸ்டைரீன் பலபடிகளில் தேர்திறன் மிக்க ஆக்சிஜனேற்றம் தொழில்துறையில் உண்மையாகவே கோலோச்சும் இடம் வேறு: ஸ்டைரீனோடு பியூட்டாடையீன் சேர்ந்த பலபடிகள். இங்கே இரட்டைப் பிணைப்பு என்ற எளிய இலக்கு கிடைத்துவிடுவதால் பாலிஸ்டைரீன் பகுதி தப்பித்துக்கொள்கிறது. ஸ்டைரீன்-பியூட்டாடையீன்-ஸ்டைரீன் ரப்பரை டொலுவீனில் கரைத்து, பார்மிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தால் அங்கேயே உருவாகும் பெர்பார்மிக் அமிலம் இரட்டைப் பிணைப்புகளை எபாக்சைடாக்குகிறது. பெர் அமிலம் எலக்ட்ரான் செறிந்த இடத்தை நாடுவது. சங்கிலிக்குள் இருக்கும் இரட்டைப் பிணைப்பைப் பக்கத்தில் தொங்கும் வினைல் தொகுதியைவிட விரைவில் தாக்கும். பென்சைல் ஹைட்ரஜனைத் திரும்பியும் பார்க்காது. கவனிக்க வேண்டியது எபாக்சைடு வளையம் அமிலத்தால் திறந்துகொண்டு டையாலாகிவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

அக்ரிலோநைட்ரைல்-பியூட்டாடையீன்-ஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மேல் பளபளக்கும் குரோமிய முலாம் எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? முலாமுக்கு முன் அந்தப் பொருளைக் குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த சூடான தொட்டியில் சில நிமிடங்கள் முக்குகிறார்கள். ரப்பர் துகள்கள் ஆக்சிஜனேறிக் கரைந்துபோக, அவை இருந்த இடத்தில் மைக்ரானுக்கும் சிறிய குழிகள் விழுகின்றன. ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல் சுவர் அப்படியே நிற்கிறது. பின்னர் படியும் உலோகம் அந்தக் குழிகளுக்குள் வேர்விடுகிறது. ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு குரோமியம் டிரை ஆக்சைடைச் சிறப்பு அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது. பெர்மாங்கனேட் தொட்டிகள் மாற்றாக முன்வந்துள்ளன. மாணவரைக் கைவிட்ட அதே பெர்மாங்கனேட் இங்கே நம்பகமான வேலையாள் என்பதைக் கவனிக்கலாம். வினைக்காரணியில் குறை இல்லை; அதற்குக் காட்டப்பட்ட இலக்கில்தான் வேறுபாடு.

இதே தேர்திறனை நானோ அளவில் பயன்படுத்திய ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 1997-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாலிஸ்டைரீன்-பாலிபியூட்டாடையீன் தொகுதிப் பலபடியின் (வெவ்வேறு பலபடிச் சங்கிலிகள் முனையோடு முனை இணைந்தது) மெல்லிய படலத்தில் தானாக அடுக்கிக்கொள்ளும் பியூட்டாடையீன் புள்ளிகளை ஓசோனால் சிதைத்து, அதையே அச்சாகக் கொண்டு, ஏறத்தாழ 20 நானோமீட்டர் அகலமுள்ள துளைகளை ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் கோடி வீதம் பொறித்துக் காட்டினார்கள். அதே படலத்தை ஓசோனுக்குப் பதில் ஆஸ்மியம் டெட்ராக்சைடு ஆவியில் வைத்தால் இரட்டைப் பிணைப்புகளில் ஆஸ்மியம் ஏறி, அந்தப் புள்ளிகள் அரிப்பைத் தாங்கும் தன்மை பெறுகின்றன. துளைகளுக்குப் பதிலாக மேடுகள் கிடைக்கின்றன. இரண்டும் ஆக்சிஜனேற்றிகள், இரண்டும் தேடிப் போவது ஒரே இரட்டைப் பிணைப்பை, விளைவு மட்டும் நேர் எதிர்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ரப்பர் பகுதியைக் கறுப்பாகக் காட்ட ஆஸ்மியத்தைப் பயன்படுத்துவோருக்கு இந்தத் தேர்வு நன்கு பழக்கம். பாலிஸ்டைரீன் பகுதியைக் கறுப்பாக்க வேண்டும் என்றால் ருத்தேனியம் டெட்ராக்சைடுக்குப் போக வேண்டும். அது பென்சீன் வளையத்தையே தாக்கும் அளவுக்கு முரடானது.

மேற்பரப்பை மட்டும் மாற்றுவது தனி உலகம். செல் வளர்ப்புத் தட்டுகளை பிளாஸ்மாவாலோ கொரோனா மின்வெளியேற்றத்தாலோ நீர் விரும்பும் பரப்பாக்கும்போது தேர்திறன் என்பது இடத்தைப் பொறுத்ததே, பிணைப்பைப் பொறுத்தது அல்ல. மேலே சில நானோமீட்டரில் கிடைத்ததெல்லாம் அடிபடும். எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலையில் 291.5 எலக்ட்ரான் வோல்ட் அருகே வரும் சிறு துணை முகடு பென்சீன் வளையத்தின் கையொப்பம். ஆக்சிஜன் அளவு கூடியிருப்பதோடு அந்த முகடும் மறைந்திருந்தால் வளையங்களே உடைந்துவிட்டன என்று கொள்ள வேண்டும்.

சங்கிலியை அறுப்பதே நோக்கமாக இருப்பவர்களும் இப்போது உண்டு. கோபால்ட், மாங்கனீசு, புரோமைடு வினையூக்கியையே கடுமையான வெப்பத்திலும் ஆக்சிஜன் அழுத்தத்திலும் வைத்துப் பாலிஸ்டைரீன் உள்ளிட்ட கலப்புக் கழிவுப் பிளாஸ்டிக்குகளைச் சிறு அமிலங்களாக நறுக்கி, அவற்றை நுண்ணுயிரிக்கு உணவாகக் கொடுத்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. பாலிஸ்டைரீனிலிருந்து அதில் கிடைப்பது பென்சாயிக் அமிலம். அதே ஆண்டில் இரும்புக் குளோரைடும் ஒளியும் கொண்டு பென்சாயிக் அமிலம் எடுத்த ஆய்வும் வந்தது. நம் மாணவர் மெத்திலை மட்டும் தொட விரும்பிப் பயன்படுத்தப்போகும் வினையூக்கிக் குடும்பத்துக்கு இந்தத் திறமையும் உண்டு என்பதை அவர் மறக்கக் கூடாது. வெப்பமானியில் சில பத்துப் பாகைகள்தான் இரண்டுக்கும் இடையிலான சுவர்.

இறுதியாக, வினை தேர்ந்த இடத்தில்தான் நடந்ததா என்பதை எப்படி உறுதி செய்வது? கார்போனைல் பட்டையைக் காட்டி வெற்றி என்று எழுதுவது போதாது; அறுந்த சங்கிலியின் கீட்டோன் முனையும் கார்போனைல்தான். சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் ஊடுருவல் நிறப்பிரிகை கட்டாயம் வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: கார்பாக்சிலிக் அமிலம் ஏறிய பலபடி கம்பத்தின் நிரப்புப் பொருளில் ஒட்டிக்கொண்டு தாமதமாக வெளிவரும், தாமதமாக வருவது சிறிய சங்கிலி போலவே தோன்றும். ஆகவே அமிலத்தை மெத்தில் எஸ்டராக்கிவிட்டு ஓட்ட வேண்டும். எஸ்டராக்கிய பிறகும் வளைகோட்டின் சிறுநிறைப் பக்கத்தில் வால் நீண்டிருந்தால் சங்கிலி அறுந்திருக்கிறது. பெருநிறைப் பக்கத்தில் தோள் தெரிந்தால் தனி உறுப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து குறுக்கிணைப்பு நடந்திருக்கிறது. ஸ்டைரீன் மட்டுமே உள்ள, மெத்தில் இல்லாத பாலிஸ்டைரீனை அதே தொட்டியில் அதே நேரம் வைத்து எடுத்து ஒப்பிடுவது எளிய சோதனை. அதன் நிறை மாறவில்லை என்றால் சங்கிலி நிலை தொடப்படவில்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

அளந்துவிட்டதோடு வேலை முடிவதில்லை. கோபால்ட் வழியில் செய்த மாதிரியில் எஞ்சிய உலோகமும் ஹைட்ரோபெராக்சைடும் இருந்தால் குப்பிக்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் மெதுவாகத் தொடரும். அமிலம் கலந்த மெத்தனாலில் இரண்டு மூன்று முறை வீழ்படிவாக்கி உலோகத்தை நீக்க வேண்டும். பொட்டாசியம் அயோடைடு கரைசலில் சிறிது போட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்த்துப் பெராக்சைடு எச்சத்தை அறிய வேண்டும். நான் கழுவாமல் வைத்துவிட்ட ஒரு குப்பி, முதல் அளவீட்டில் அழகான குறுகிய வளைகோட்டைக் கொடுத்தது. அடுத்த பருவத்தில் அதே குப்பியைத் திறந்தபோது பொடி மஞ்சளாகியிருந்தது. வளைகோட்டில் வால் முளைத்திருந்தது.